சார்ஜென்ட் மிக்காயேலின் கோட்டு

மாடிப்படியின் முதல் கல்லிலேயே ஒரு பெயர் பதித்திருந்தது. இரண்டாவது கல்லில் இன்னொரு பெயர். ஏறி முடிப்பதற்குள் ஊரில் பாதிப் பேரை மிதித்தாகிவிடும் போலிருந்தது. கைப்பிடிக் கம்பிக்கு ஒருவர் உபயம், கம்பியில் பூசிய பச்சை பெயின்டுக்கு இன்னொருவர் உபயம், செருப்பு விடும் பலகைக்கு ஒரு குடும்பமே உபயம். ஏஸ்தெல் மூச்சு வாங்கியபடி நின்று தலைக்கு மேலே எரிந்த டியூப்லைட்டைப் பார்த்தாள். அதைக் கொடுத்தவரின் பெயரே முக்கால்வாசி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்ததில்தான் ஜனங்கள் செருப்பைத் தேட வேண்டும்.

வாசலில் 'பழைய புதுவை நினைவகம்' என்று பலகை. பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால், பிளாஸ்டிக் குடம் விற்கிற கடையின் மேல்மாடி. ரிட்டையர் ஆனவர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, அவரவர் வீட்டு மருமகள்கள் பழைய இரும்புக்குப் போடச் சொன்ன சாமான்களைக் கொண்டுவந்து அடுக்கி, அதற்கு மியூசியம் என்று பெயர் சூட்டியிருந்தார்கள். சனி, ஞாயிறு மட்டும் திறப்பு. யாருக்கும் சம்பளம் கிடையாது. அதை ஈடுகட்ட ஆளுக்கொரு பதவி இருந்தது. தலைவர், துணைத் தலைவர், செயலாளர், இணைச் செயலாளர் என்று எல்லாரும் ஏதாவது ஒன்றாக இருந்தார்கள். பதவி இல்லாதவர்கள் பார்க்க வருகிறவர்கள் மட்டும்தான், அவர்களும் அதிகம் வருவதில்லை.

ஏஸ்தெல் பார்க்க வரவில்லை. அப்பாவின் கோட்டை எடுத்துக்கொண்டு போக வந்திருந்தாள்.

அந்தக் கோட்டு நெல்லித்தோப்பில் அவள் வீட்டு டிரங்குப் பெட்டியில், பாச்சை உருண்டைகளுக்கு நடுவில் பத்திரமாக இருந்தது. ஜனவரி மாதம் பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த தம்பி ழான்-லூக், அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் பார்த்து அதைத் தூக்கிவந்து இங்கே கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல விமானம் ஏறிவிட்டான். நேற்று சாயந்திரம் குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரு போட்டோ போட்டிருந்தான். பொம்மை ஒன்றுக்கு அப்பாவின் கோட்டை மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் அட்டை: 'சார்ஜென்ட் மிக்காயேல், பிரெஞ்சுப் படை.' ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழாவாம். அவன் மாமியார் வீட்டு ஜனங்கள் அத்தனை பேரும் வருகிறார்களாம். கீழே உறவுக்காரர்கள் வரிசையாகக் கைகூப்பியிருந்தார்கள். அதில் நாலு பேர் அப்பாவின் பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் ஆடிக்கொண்டு போனவர்கள்.

மிக்காயேல் தன் வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டதில்லை. சிசிலியா பேண்டு செட்டில் பெரிய டிரம் அடித்தவர். கல்யாணம், சாவு, தேர்பவனி, கடைத் திறப்பு விழா, எதற்குக் கூப்பிட்டாலும் போவார். அந்த மனிதரைச் செத்த பிறகு போருக்கு அனுப்பிவைத்த தம்பியை நினைத்தால் ஏஸ்தெலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் ஒரு பள்ளியில் பிரெஞ்சு டீச்சர். தப்பைப் பார்த்தால் கை தானாகப் பையிலிருக்கும் சிவப்புப் பேனாவைத் தேடும். அப்படிப்பட்டவளின் அப்பாவையே தப்பாக எழுதிவைத்தால் விடுவாளா?

"வாங்க மதாம், வாங்க. போன்ழூர்," என்று எழுந்து வந்தார் நினைவகத்தின் தலைவர் தெய்வசிகாமணி. அரசாங்கத்தில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் மூன்று பேனா, கையில் ஒரு இரும்பு ஸ்கேல். ஆள் வந்த சந்தோஷத்தில் மின்விசிறியைப் போட்டார். அதன் இறக்கைகளிலும் பெயர் இருந்தது, சுற்ற ஆரம்பித்ததும் யார் என்று தெரியாமல் போய்விட்டது.

"சார், நான் இங்க இருக்கிற ஒரு பொருள் விஷயமா வந்தேன்."

"எல்லாப் பொருளும் உங்களுக்காகத்தான வெச்சிருக்கோம். ஆனா ஆர்டரா பாக்கணும். மொதல்ல இந்த நாற்காலி."

அது ஒரு பிரம்பு நாற்காலி. 'பிரெஞ்சு கவர்னர் அமர்ந்த நாற்காலி. யாரும் அமரக் கூடாது' என்று அட்டை சொன்னது. அதன்மேல் தெய்வசிகாமணியின் டிபன் கேரியர் உட்கார்ந்திருந்தது.

"எந்த கவர்னர் சார்?"

"பிரெஞ்சு கவர்னர்."

"பேரு?"

"அப்ப இருந்தவரு."

"அது எப்ப?"

"அவரு இருந்தப்ப," என்றார் தெய்வசிகாமணி, பாடம் புரியாத பிள்ளையிடம் சொல்கிற பொறுமையுடன். பிறகு ஸ்கேலை நீட்டி அடுத்ததைக் காட்டினார்.

அடுத்தது பிரெஞ்சுக்காரர் காலத்து காபி ஃபில்டர். அதே மாதிரி ஃபில்டரில்தான் ஏஸ்தெல் இன்று காலை காபி போட்டுவிட்டு வந்திருந்தாள். அதற்கடுத்து கைப்பிடி இல்லாத கிராமபோன், எழுத்து விழாத டைப்ரைட்டர், யாரோ வீட்டுத் தண்ணீர் மீட்டர். ஒவ்வொன்றின் பக்கத்திலும் முத்து முத்தான கையெழுத்தில் ஒரு அட்டை. பொருள் என்ன என்பது சின்ன எழுத்தில், கொடுத்தவர் யார் என்பது பெரிய எழுத்தில். நூறு வருஷம் கழித்து வருகிறவர்களுக்கு இந்த ஊரில் என்ன இருந்தது என்று தெரியாது, யார் யார் தானம் செய்தார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

அட்டைகளை எழுதுகிற அம்மாள் மூலையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒல்லியாக, நரைத்த தலையில் ஒரு துண்டு கனகாம்பரம். தெய்வசிகாமணி அவள் பக்கம் திரும்பாமலே, "என் மிசஸ், நிர்மலாதேவி. நான் சொல்லுவேன், அவ எழுதுவா," என்றார். அந்த அம்மாள் தலையை நிமிர்த்தி, "வாங்கம்மா," என்றாள். மறுபடி குனிந்துகொண்டாள். அந்த வீட்டில் எல்லா வேலையும் அப்படித்தான் நடக்கும் என்று ஏஸ்தெலுக்குப் புரிந்தது.

அடுத்து சுவரில் ஒரு பெரிய போட்டோ. பூ ஜோடித்த கார், பானெட்டின் மேலே பொம்மை, பின் சீட்டில் மாப்பிள்ளையும் பெண்ணும். 'புதுவைத் திருமண ஊர்வலம், 1987. உபயம்: தெய்வசிகாமணி.' அவர் அந்தப் போட்டோ முன்னால் கொஞ்சம் அதிகமாகவே நின்றார். "மாப்ள யாருன்னு கண்டுபுடிங்க பாப்போம்," என்று சொல்லித் தலையைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினார். கல்யாண ஆல்பத்தை விரித்து ஆளை மடக்குகிறவர்களிடமிருந்து தப்பிக்க ஏஸ்தெலுக்கு நல்ல பழக்கம் உண்டு. போட்டோவைப் பார்க்காமலே, "நீங்கதான் சார்," என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

நகர்ந்தால் எதிரே அப்பா.

அதாவது அப்பாவின் கோட்டு. உள்ளே இருந்தது ஜவுளிக்கடை பொம்மை. சிவந்த முகம், நீலக் கண், மூக்கு நுனியில் பெயின்ட் உரிந்திருந்தது. கழுத்து வரை வெள்ளைக்காரன், அதற்குக் கீழே நெல்லித்தோப்பு மிக்காயேல். பொம்மையைச் சுற்றி நைலான் கயிறு கட்டி, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ரோஜா வைத்திருந்தார்கள். நாளைக்கு விலக்குவதற்காக மேலே ஒரு நீலத் திரை சுருட்டித் தயாராக இருந்தது.

நீலத் துணி, சிவப்புக் காலர், மார்பில் ஜரிகை. ஜரிகை அம்மாவின் கல்யாணப் புடவையிலிருந்து வெட்டியது. தோளில் தொங்கிய குஞ்சங்கள் ஜன்னல் திரைக்குக் கட்டுகிறவை. மார்க்கெட்டில் மஞ்சளில் ஒன்றுதான் கிடைத்தது என்று அம்மா இடது தோளுக்குப் பச்சையை வைத்துத் தைத்திருந்தாள். அப்பா அதற்காக ஒரு வாரம் கோபித்துக்கொண்டார். அந்தப் பச்சைக் குஞ்சத்துக்கு இங்கே ஒரு தனிச் சீட்டு ஒட்டியிருந்தது: 'வீரத்துக்கான சிறப்பு அடையாளம்.'

ஏஸ்தெலுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த சீட்டைப் படித்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

கோட்டின் வயிற்றுப் பகுதியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. ஓரமெல்லாம் கருகி, மேலே கிழியாமல் இருக்க அம்மா சுற்றிலும் நெருக்கமாகத் தையல் போட்டிருந்தாள். அதை நோக்கி ஒரு சிவப்பு அம்புக்குறி. 'இந்தோசீனப் போரில் எதிரியின் குண்டு துளைத்த இடம்.'

"பாத்தீங்களா மதாம்," என்றார் தெய்வசிகாமணி குரலைத் தாழ்த்தி. "இதுதான் நம்ம நினைவகத்துக்கே உயிர். நாளைக்கு இதுக்குத்தான் விழா. குண்டு இப்பிடிப் போயி அப்பிடி வந்திருக்கு."

"அப்பிடி வந்திருந்தா முதுகுலயும் ஓட்ட இருக்கணுமே சார்."

அவர் பொம்மையின் பின்னால் போய்ப் பார்த்தார். "உள்ளயே தங்கிடுச்சு," என்றார்.

"இவ்வளோ பெரிய குண்டு உள்ள தங்கினவரு, திரும்பி வந்து கல்யாணம் பண்ணி ரெண்டு புள்ள பெத்தாரா?"

"அந்தக் காலத்து ஒடம்பு மதாம்."

"இவரு பொறந்தது நாப்பத்திரெண்டுல. இந்தோசீனச் சண்டை முடியும்போது பன்னெண்டு வயசு. பன்னெண்டு வயசுல சார்ஜென்ட்டா?"

தெய்வசிகாமணி முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தார். "நீங்க யாரு?"

"இவரு மவ," என்றாள் ஏஸ்தெல். "எங்கப்பா பேண்டு செட்டுல டிரம் அடிச்சவரு. கோட்டக் கழட்டிக் குடுங்க, நான் போறேன்."

அவர் கொஞ்சமும் அசரவில்லை. இன்ஜினீயர்கள் அவ்வளவு சுலபத்தில் அசரமாட்டார்கள். "உபயதாரரு உங்க தம்பி. அவரு சொன்னத நாங்க போட்டிருக்கோம். இங்க உபயதாரரு சொன்னா சொன்னதுதான். நீங்க சொல்றதுக்கு ஆதாரம் இருக்கா?"

"அவன் சொன்னதுக்கு என்ன ஆதாரம் இருந்துது?"

"கோட்டு இருக்கே."

ஏஸ்தெல் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் அங்கே விமான நிலையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். பெட்டியை உருட்டுகிற சத்தம் கேட்டது.

"ழான், நான் மியூசியத்துல நிக்கிறேன். இந்தாளு கிட்ட நீயே உண்மையைச் சொல்லு."

பெட்டி உருள்வது நின்றது. "அக்கா, விட்டுடு. நாளைக்கு ஒரு நாள்தான்."

"எதுக்குடா இந்த வேல?"

"உனக்கு என்ன தெரியும்? நீ ஊர்லயே இருந்துட்ட. என் சகலையோட அப்பா சொல்தா, மச்சான் அப்பா சொல்தா, ஆளாளுக்கு மெடல எடுத்துக் காட்டுவாங்க. இருவத்தஞ்சு வருஷமா அந்த டேபிள்ல நான் பேண்டுக்காரன் மவன். பொண்டாட்டி புண்ணியத்துல பாஸ்போர்ட் வாங்கினவன். தட்டப் பாத்துக்கிட்டு சாப்டுவேன். ஒரு நாளாச்சும் நிமிந்து சாப்டறேனே."

பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். சொல்தா வீட்டில் பெண் எடுத்தவன் சொல்தா ஆகிவிட முடியாது, அவன் பிள்ளைகள் வேண்டுமானால் ஆகலாம். ஏஸ்தெலுக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் குனிந்து சாப்பிட்டவன் இவன், அதற்கு அப்பா ஏன் போகாத போரில் குண்டடி பட வேண்டும்?

"அந்த ஓட்ட எப்பிடி வந்துதுன்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

"தெரியும்," என்றான். "அத எப்பிடிக்கா அவங்ககிட்ட சொல்றது?" என்றான். போனை வைத்துவிட்டான்.

எப்படி வந்தது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஏஸ்தெல் அப்போது ஒன்பதாவது படித்தாள். ஏதோ ஒரு கல்யாண ஊர்வலம். மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் வேடிக்கைக்காகச் சரவெடியைக் கொளுத்தி பேண்டுக்காரர்களின் காலடியில் வீசினார்கள். கிளாரினெட்காரர் குதித்து ஒதுங்கினார், டிரம்பெட்காரர் ஓடினார். பெரிய டிரம்மை மாட்டிக்கொண்டவனால் குனிய முடியாது. தன் காலடியில் என்ன எரிகிறது என்று அவனால் பார்க்கவும் முடியாது. முதுகுப்பக்கம் மாட்டிய வாரை அவனாக அவிழ்க்கவும் முடியாது. டிரம்முக்கும் வயிற்றுக்கும் நடுவில் நெருப்பு பிடித்துக்கொண்டது. பெரியாஸ்பத்திரியில் அப்பா வாழை இலையில் கிடந்தார். காயம் ஆறியது, ஆனால் அதற்குப் பிறகு வாரின் கனத்தை அந்த வயிறு தாங்கவில்லை. மீதி நாளெல்லாம் சினிமா தியேட்டரில் சைக்கிள் டோக்கன் கொடுத்துக்கொண்டு இருந்தார்.

எந்தக் கல்யாணம் என்று அம்மா எத்தனையோ முறை கேட்டாள். அப்பா சொல்லவில்லை. "கல்யாண ஊட்டுப் பேர வெளிய சொல்லக் கூடாது. தொழிலுக்கு அழகில்ல," என்பார். அப்படியொரு அழகு. பார்க்கக்கூட ஒருத்தனும் வரவில்லை, அவர்களுடைய மானத்தை இவர் சாகும் வரை கட்டிக் காத்தார். ஏஸ்தெலுக்கு அப்பாவின் மேல் இருந்த ஒரே கோபம் அதுதான்.

அவள் நைலான் கயிற்றைத் தாண்டி உள்ளே போய்க் கோட்டின் முதல் பொத்தானில் கை வைத்தாள்.

"மதாம், தொடாதீங்க," என்று தெய்வசிகாமணி ஸ்கேலை நடுவில் நீட்டினார். "நாளைக்கு நூறு பேரு வராங்க. டிபன் சொல்லியாச்சு. நோட்டீஸ் அடிச்சாச்சு. பேண்டுக்காரன் கோட்டுக்கா நான் தெரய வெலக்க முடியும்? பேண்டுக்காரன யாரு வந்து பாப்பாங்க?"

"ஏன், பேண்டுக்காரன் மனுஷன் இல்லையா?"

"மனுஷன்தான். யாரு இல்லன்னா? ஆனா வரலாறு வேற." சொல்லிவிட்டு அவர் சுவர்ப்பக்கம் கையை வீசினார். "இங்க பாருங்க, வரலாறுன்னா இதெல்லாம்."

அவர் கை போன இடத்தில் அவருடைய கல்யாணப் போட்டோ இருந்தது. தன் கல்யாணத்தை வரலாறு என்று காட்டுகிற ஆளை என்ன செய்வது என்ற எரிச்சலோடுதான் ஏஸ்தெல் அந்தப் பக்கம் திரும்பினாள். இந்த முறை மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. காருக்கு முன்னால் பார்த்தாள்.

காருக்கு முன்னால் பேண்டு. நிறம் மங்கிய போட்டோவின் கீழ் ஓரத்தில், பாதி சட்டத்துக்குள் மறைந்து, ஒரு பெரிய டிரம். தோலில் 'சிசிலியா' என்று வளைத்து எழுதியிருந்தது. டிரம்முக்கு மேலே தெரிந்தது கட்டை மீசை வைத்த ஒரு முகம், சிவப்புக் காலர், இரண்டு தோள்கள். வலது தோளில் மஞ்சள் குஞ்சம். இடது தோளில் பச்சை.

ஏஸ்தெல் கயிற்றைத் தாண்டி வெளியே வந்து, கவர்னர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார்," என்றாள். "இந்தப் போட்டோல இருக்கறது யாரு?"

"சொன்னேனே, நான்தான். அப்ப எனக்கு முடி..."

"மாப்ளய கேக்கல. டிரம் அடிக்கிறவரு."

"பேண்டுக்காரங்க," என்றார்.

"கண்ணாடிய போட்டுக்கிட்டுப் பாருங்க. அவரு தோளப் பாருங்க. அப்புறம் இந்தப் பொம்ம தோளப் பாருங்க."

தெய்வசிகாமணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். போட்டோவைப் பார்த்தார். பொம்மையைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார். வீட்டு ஹாலில் முப்பது வருஷத்துக்கு மேல் தொங்கிய படம் அது. தினம் பார்த்திருப்பார், தன்னை மட்டும். கல்யாணப் போட்டோவில் பேண்டுக்காரனைப் பார்க்கிறவர்கள் உலகத்தில் யார் இருக்கிறார்கள்? ஒரு கோட்டுக்கு ஆதாரம் கேட்டவர், அதைச் சட்டம் போட்டு, கண்ணாடி துடைத்து, அந்தக் கோட்டுக்கு நாலடி தள்ளி அவரே மாட்டி வைத்திருந்தார்.

"இதே மாதிரி கோட்டு ஊர்ல ஆயிரம் இருக்கும்," என்றார். குரல் இறங்கியிருந்தது.

"ஒரு தோளு மஞ்சளு, ஒரு தோளு பச்சையா? எங்கம்மா தச்சது சார். ஊர்ல ஒண்ணுதான் இருந்துது. கோட்டு எரிஞ்சதும் இதே எம்பத்தேழுல, ஒரு கல்யாண ஊர்வலத்துல. படத்துல அவரு இன்னும் டிரம் மாட்டியிருக்காரு, பாருங்க. அப்ப இந்தப் படம் எடுத்ததுக்கு அப்புறந்தான் எரிஞ்சிருக்கு."

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? கல்யாணத்துல ஆயிரம் நடக்கும்..."

"எரிஞ்சுது," என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

நிர்மலாதேவி பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்திருந்தாள். எழுந்தவள் நேராகப் பொம்மையிடம் வந்து, தன் கையால் எழுதிய சிவப்பு அம்புக்குறிச் சீட்டைப் பார்த்தபடி நின்றாள்.

"நிர்மலா, நீ உக்காரு," என்றார் தெய்வசிகாமணி.

"நான் கார்ல உக்காந்துதான் இருந்தேன்," என்றாள் அவள், கணவனிடம் இல்லை, ஏஸ்தெலிடம். "மூணு முடிச்சு போட்டு ஒரு மணி நேரம் ஆகல. இவரு தம்பிங்கதான் சரவெடிய போட்டாங்க. அந்த டிரம்காரரு கையத் தட்டித் தட்டிக் காட்டினாரு, வார அவுத்துவுடச் சொல்லி. யாருக்கும் புரியல, ஆடறாருன்னு நெனச்சிக்கிட்டு விசில் அடிச்சாங்க. நான் கார நிறுத்தச் சொன்னேன். அந்த ஊட்டுக்கு வந்து நான் பேசின மொத வார்த்த அது. அபசகுனமாப் பேசாதன்னு எங்க மாமியார் வாயப் பொத்தினாங்க. கார அப்பிடியே வளச்சி அவரைத் தாண்டிப் போயிட்டோம்."

கீழே கடையில் யாரோ குடத்தைத் தட்டி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்புறம் இன்னா ஆச்சின்னு இவருகிட்ட கேட்டேன். ஒண்ணும் ஆகல, எழுந்து போயிட்டான்னு சொன்னாரு," என்றாள் நிர்மலாதேவி. "எழுந்து போனாராம்மா?"

"ஆஸ்பத்திரிக்குப் போனாரு," என்றாள் ஏஸ்தெல். "அப்புறம் டிரம்மத் தொடவே இல்ல. யாரு கல்யாணம்னு கடைசி வரைக்கும் சொல்லல. உங்க பேரு கெட்டுடக் கூடாதாம்."

நிர்மலாதேவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தெய்வசிகாமணி ஸ்கேலை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். ஆனால் கமிட்டி நடத்திப் பழகிய ஆள். எதையும் தீர்மானமாக மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை அவரை விட்டுப் போகவில்லை.

"சரி மதாம், நடந்தது நடந்துபோச்சு. ஒண்ணு பண்ணலாம். சார்ஜென்ட்ட எடுத்துடுவோம். 'அக்கால விழாக்களில் அணிந்த சீருடை'ன்னு பொதுவாப் போட்டுடுவோம். அந்த அம்புக்குறியக் கிழிச்சிட்டு, ஓட்டைக்கு மேல ஒரு பெல்ட்டு கட்டிடலாம். உங்களுக்கும் மரியாத, நமக்கும் மரியாத."

"வேணாம் சார்," என்றாள் ஏஸ்தெல். "மறைக்காதீங்க."

"அப்ப கோட்ட எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. நான் தடுக்கல. விழாவ ஏதாச்சும் சொல்லி சமாளிச்சிக்கிறேன்."

வரும்போது அவள் கேட்டது அதுதான். இப்போது அவர் வேகவேகமாகக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்ததைப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. கோட்டு வெளியே போனால் போதும், இவருக்கு எல்லாம் தீர்ந்துவிடும். மறுபடி டிரங்குப் பெட்டி, மறுபடி பாச்சை உருண்டை. அப்பா இன்னொரு தடவை வாயை மூடிக்கொண்டு இருப்பார். கார் இன்னொரு தடவை வளைந்து தாண்டிப் போகும்.

"இல்ல சார். கோட்டு இங்கயே இருக்கட்டும்," என்றாள். "நாளைக்கு நூறு பேரு வராங்கன்னு சொன்னீங்களே. வரட்டும். அட்டைய மட்டும் மாத்திடலாம். நான் சொல்றேன், எழுதணும்."

தெய்வசிகாமணி மனைவியைப் பார்த்தார். "அவ எழுத மாட்டா," என்றார்.

நிர்மலாதேவி மேசைக்குப் போய் ஒரு புது அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, பேனா மூடியைத் திறந்தாள். "சொல்லுங்க டீச்சர்," என்றாள்.

ஏஸ்தெல் வகுப்பில் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "மிக்காயேல். நெல்லித்தோப்பு. சிசிலியா பேண்டு செட்டில் பெரிய டிரம் வாசித்தவர். எந்தப் போருக்கும் போகவில்லை. இந்தக் கோட்டைத் தைத்தது அவர் மனைவி. பச்சைக் குஞ்சம், மஞ்சள் கிடைக்காததால். ஓட்டை, 1987இல் ஒரு கல்யாண ஊர்வலத்தில் சரவெடியால் ஏற்பட்டது. அதற்குப் பிறகு அவர் வாசிக்கவில்லை."

பேனா அட்டையில் உரசிக்கொண்டே போனது. தெய்வசிகாமணி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். எழுதி முடித்ததும் நிர்மலாதேவி நிமிர்ந்தாள்.

"உபயம் போடணுமே. இங்க உபயம் இல்லாம எதையும் வெக்கிறதில்ல."

"கோட்டு உபயம் என் தம்பி பேருலயே இருக்கட்டும். அவன்தான குடுத்தான்," என்றாள் ஏஸ்தெல். நாளைக்கு மாமியார் வீட்டார் அத்தனை பேருக்கும் நடுவில் நின்று அவன் இதைப் படிப்பான். குனிந்து படிப்பானோ நிமிர்ந்து படிப்பானோ, அது அவன் பாடு.

'கோட்டு உபயம்: ழான்-லூக், பிரான்ஸ்' என்று பெரிய எழுத்தில் எழுதினாள் நிர்மலாதேவி. எழுதிவிட்டுப் பேனாவை எடுக்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள். அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், நிதானமாக இன்னொரு வரி எழுதினாள். மை காய அட்டையை ஊதி, இரண்டு கையாலும் பிடித்து ஏஸ்தெலிடம் நீட்டினாள்.

'ஓட்டை உபயம்: தெய்வசிகாமணி - நிர்மலாதேவி திருமண விழாக் குடும்பத்தார்.'

ஜன்னலிலிருந்து வந்து எட்டிப் பார்த்த தெய்வசிகாமணியின் முகம் வெளுத்துவிட்டது. "நிர்மலா, நாளைக்கு ஊரே படிக்கும்," என்றார்.

"படிக்கத்தான எழுதுறது," என்றாள் அவள். "இத்தினி வருஷமா நீங்க சொன்னதத்தான எழுதுனேன். இது ஒண்ணு நான் பாத்தது."

ஏஸ்தெல் அட்டையை மேலிருந்து கீழ்வரை படித்தாள். கண் கலங்கியதால் இரண்டாம் முறையும் படிக்க வேண்டியிருந்தது. பழக்க தோஷத்தில் எப்போதோ கைக்கு வந்துவிட்டிருந்த சிவப்புப் பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு, பொம்மையிடம் போய், பழைய அட்டையையும் அம்புக்குறிச் சீட்டையும் எடுத்துவிட்டு, புது அட்டையை அங்கே நேராக நிறுத்திவைத்தாள்.